ஜல்லி பாதையைச் சரி பண்ண ஒரே ஒரு அட்டாச்மென்ட் வாங்கணும்: பாக்ஸ் பிளேடா, லேண்ட் பிளேனா, ரியர் பிளேடா?

குழிக்காவலன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப கேட்டே ஆகணும்ங்கற நிலைமை. ரோட்டுல இருந்து வீட்டுக்கு 120 மீட்டர் ஜல்லி பாதை, அகலம் 3 மீட்டர். முதல் பாதி சமதரை, நடுவுல ஒரு வளைவு, அதுக்கப்புறம் வீடு வரைக்கும் ஏத்தம். சமதரையில குண்டும் குழியும், ஏத்தத்துல தண்ணி அரிச்சு ஓடின தடம், ஏத்தம் ஆரம்பிக்கற இடத்துல வரி வரியா அலை மாதிரி இருக்கு, கார்ல போனா பேசிட்டிருக்கற பேச்சே நடுங்குது.

டிராக்டர் 30 ஹெச்பி, மூணு பாயின்ட் ஹிட்ச் (பின்னாடி அட்டாச்மென்ட் மாட்டற மூணு கை) கேட்டகிரி 1 சைஸ், முன்னாடி லோடர் பக்கெட் இருக்கு. இதுவரைக்கும் நான் பண்ணதெல்லாம் பக்கெட்ல ஜல்லி அள்ளி குழியில கொட்டி மேல டயரை ஏத்தி அமுக்கினதுதான். மூணு வாரம் தாங்கும். அப்புறம் அதே குழி அதே இடத்துல வாயைத் திறந்துட்டு நிக்குது, கொட்டின ஜல்லி பூரா ஓரத்துப் புல்லுக்குள்ள கிடக்கு.

ஒண்ணுதான் வாங்க முடியும். டிராக்டர் பின்னாடி மாட்டி இழுக்கற ரியர் பிளேடு (ஒத்தைத் தகடு), பாக்ஸ் பிளேடு (பல்லும் முன் பின் பட்டையும் வச்ச பெட்டி), லேண்ட் பிளேன் (சறுக்குச் சட்டத்துல போறது), லேண்ட்ஸ்கேப் ரேக் (பெரிய வாரி)னு நாலையும் பாத்து பாத்து தலை சுத்துது. எதுன்னு சொல்லுங்க.

வரப்பு_வண்டி:
ரியர் பிளேடு. யோசிக்கவே வேண்டாம். கோணம் மாத்தலாம், சாய்க்கலாம், ஓரத்துல வாய்க்கால் இழுக்கலாம், பின்னாடி திருப்பி வச்சு தள்ளலாம். 15 வருஷமா அது ஒண்ணுதான் வச்சிருக்கேன்.

டாப்லிங்க்_திருகி:
வரப்பு அண்ணே, 15 வருஷமா ஓட்டற உங்க கைக்கு அது சரி. புதுசா வர்றவங்க கையில ரியர் பிளேடு குடுத்தா பாதை அலையாத்தான் வரும். டிராக்டர் பின் அச்சுல இருந்து பின்னாடி தள்ளித்தானே பிளேடு தொங்குது, முன் சக்கரம் குழியில இறங்கினா பின்னாடி பிளேடு மேல தூக்கும், முன் சக்கரம் மேட்டுல ஏறினா பிளேடு கீழ குத்தும். அப்ப மேடு இருந்த இடத்துக்குப் பின்னாடி ஒரு பள்ளம் வெட்டிட்டுப் போயிருப்போம். அடுத்த ரவுண்டுல அந்தப் பள்ளத்துல முன் சக்கரம் இறங்கும், மறுபடி தூக்கும். ரெண்டு மணி நேரம் லிஃப்ட் லீவரை ஏத்தி இறக்கி கை வலிச்சு இறங்கிப் பாத்தா காலையில இருந்ததைவிட மோசமா இருக்கும். நானே அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

லேண்ட் பிளேன்ல அந்தப் பிரச்சனை பெரும்பாலும் கிடையாது. ரெண்டு பக்கமும் நீளமா சறுக்குச் சட்டம் இருக்கும், நடுவுல ரெண்டு வெட்டுப் பட்டை. லிஃப்டை முழுசா இறக்கி விட்டுட்டா சட்டம் தரையில படுத்துட்டுப் போகும், ஆழத்தை நிர்ணயிக்கறது சட்டம்தான், டிராக்டர் ஆடறது இல்ல. குழியைச் சட்டம் தாண்டிப் போயிடும், மேட்டைப் பட்டை சீவும், சீவின ஜல்லி பட்டைக்கு மேல வழிஞ்சு பின்னாடி குழியில விழும். யார் ஓட்டினாலும் சுமாராவாவது வந்துடும். என் ஓட்டு லேண்ட் பிளேனுக்கு.

கயிறுகட்டி:
எங்க வீட்டுல பழைய இரும்பு ஐ-பீம் ரெண்டு துண்டை சங்கிலில குறுக்கால கட்டி இழுக்கறோம். அவ்வளவுதான். எதுக்கு இவ்வளவு பேச்சு?

டாப்லிங்க்_திருகி:
கயிறுகட்டி, குழி இல்லாத பாதைக்கு அது போதும், குழி விழுந்த பாதையில அது மேல பவுடர் பூசறது மாதிரி.

ஜல்லிக்காரி:
எல்லாரும் மருந்தைப் பத்தியே பேசறீங்க, நோய் என்னன்னு யாரும் கேக்கலையே. குழிக்காவலன், மூணு கேள்வி.

ஒண்ணு, பெரிய குழி எவ்வளவு ஆழம்? குச்சி விட்டு அளந்து சொல்லுங்க, கண் மதிப்பு வேண்டாம். ரெண்டு, பாதைக்கு குறுக்கால ஒரு நூலை இறுக்கிக் கட்டிப் பாருங்க, நடு உசரமா இருக்கா, ஓரம் உசரமா இருக்கா. மூணு, கிடக்கற ஜல்லி என்ன மாதிரி, உடைச்ச கல்லா உருண்டைக் கல்லா, தூள் கலந்திருக்கா இல்ல கழுவி எடுத்த மாதிரி வெறும் கல்லா.

இது தெரியாம அட்டாச்மென்ட் சொல்றது குருட்டாம்போக்கு.

குழிக்காவலன்:
அக்கா இப்பத்தான் அளந்துட்டு வந்தேன். பெரிய குழி 9 செமீ. மத்தது 5, 6 இருக்கும். நூல் கட்டிப் பாத்ததுல எனக்கே அதிர்ச்சி, நடு தாழ்வா இருக்கு, ரெண்டு ஓரமும் புல்லு முளைச்சு மண்ணு சேர்ந்து கரை கட்டின மாதிரி நடுவைவிட 4 செமீ உசரம். அதாவது நான் பாதைன்னு நினைச்சிட்டிருந்தது ஒரு வாய்க்கால்.

ஜல்லி உடைச்ச கல்லுதான், முக்கால் இன்ச் சைஸ். தூள் அடியில இருக்கு, மேல எல்லாம் உதிரி. ஒரு சந்தேகத்துக்கு பெரிய குழியில ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினேன், அரை மணி நேரம் கழிச்சுப் போனா அப்படியே நிக்குது. அடியில விரலால கீறிப் பாத்தேன், சட்டி மாதிரி இறுகி வழவழன்னு இருக்கு.

ஜல்லிக்காரி:
அதேதான். அந்தச் சட்டிக்குள்ளதான் நீங்க ஜல்லி கொட்டிட்டு இருந்தீங்க. அடி இறுகிக் கிடக்கு, மேல உதிரிக் கல்லு, ரெண்டுக்கும் ஒட்டு உறவே இல்ல. மழை பெய்யும், சட்டியில தண்ணி நிக்கும், டயர் இறங்கும்போது தண்ணி பீச்சிட்டு வெளிய வரும், வரும்போது தூளையும் சேர்த்துக் கொண்டுபோகும். தூள்தான் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருந்து இறுக்கிப் பிடிக்கறது. அது போச்சுன்னா கல்லு கோலிக்குண்டு மாதிரி உருண்டு புல்லுக்குப் போயிடும்.

அதனால குழியை நிரப்பக் கூடாது. குழியோட அடிமட்டத்துக்கும் ஒரு இன்ச் கீழ வரைக்கும் பாதை முழுக்க கிளறி, பழைய ஜல்லி தூள் எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, மறுபடி பரப்பி அமுக்கணும். 9 செமீ குழின்னா 11, 12 செமீ கிளறணும். டாப்லிங்க் தம்பி, உங்க லேண்ட் பிளேன் அவ்வளவு ஆழம் கிளறுமா?

டாப்லிங்க்_திருகி:
கிளறாது அக்கா. பல்லு வச்ச மாடல்லயே பட்டைக்குக் கீழ ஒண்ணு ரெண்டு இன்ச்தான் நீட்டும். 5 செமீ குழின்னா நாலஞ்சு ரவுண்டுல சமாளிக்கலாம். 9க்கு கஷ்டம். இந்தப் பாதைக்கு முதல் வேலை பாக்ஸ் பிளேடுதான்னு ஒத்துக்கறேன். பராமரிப்புக்கு லேண்ட் பிளேன், பழுதுக்கு பாக்ஸ் பிளேடு.

வரப்பு_வண்டி:
ஓரத்துக் கரையை வெட்ட ரியர் பிளேடை மிஞ்ச ஒண்ணும் கிடையாது, அதை மட்டும் மறுக்காதீங்க. 30 டிகிரி கோணம் வச்சு கரையோரமா ஒரு ஓட்டு ஓட்டினா ஓரத்துல கிடக்கற ஜல்லி பூரா நடுவுக்கு வந்து வரிசையா நிக்கும்.

ஜல்லிக்காரி:
அது நூத்துக்கு நூறு உண்மை அண்ணே. ஆனா இறுகின சட்டியை உங்க பிளேடு கிளறாது, மேலாப்புல சறுக்கிட்டுப் போகும், லேசான பிளேடுன்னா குதிக்கவும் செய்யும். ரெண்டு வாங்கறவங்களுக்கு ரெண்டாவது அதுதான்.

புதுப்பவுசு:
பவர் ரேக் பத்தி யாரும் சொல்லலையே? உருளையில கடினப் பல்லு வச்சு சுத்தும், கிளறி, கலந்து, பரப்பி எல்லாம் ஒரே ஓட்டுல முடிச்சிடும். ஒருத்தர் ஓட்டிப் பாத்தேன், கண்ணு விரிஞ்சு போச்சு.

டாப்லிங்க்_திருகி:
அருமையான சாமான்தான். ஆனா 120 மீட்டர் பாதைக்கு வருஷத்துல ரெண்டு நாள் வேலை, மீதி 363 நாள் கொட்டகையில துருப்பிடிச்சு நிக்கும். அதை ஓட்ட பிடிஓ (இன்ஜின் சக்தியைப் பின்னாடி சாமானுக்குக் குடுக்கற தண்டு) பவரோ ஹைட்ராலிக் ஃப்ளோவோ போதுமான்னு வேற பாக்கணும். ஊர்ப் பாதையெல்லாம் காண்ட்ராக்ட் எடுத்துப் பண்றவங்களுக்கு சரி.

கயிறுகட்டி:
லேண்ட்ஸ்கேப் ரேக்? கேள்வியில அதுவும் இருந்துச்சே.

ஜல்லிக்காரி:
புல்லுக்குள்ள போன ஜல்லியை வாரி இழுக்க நல்லது. அதோட சரி. அதையே பாதை மேல திரும்பத் திரும்ப இழுத்தா பெரிய கல்லெல்லாம் மேல வரும், தூள் அடியில போயிடும், நமக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிரானது.

அலைக்கணக்கு:
ஏத்தம் ஆரம்பிக்கற இடத்துல வரி விழுதுன்னு சொன்னீங்கள்ல, அதைப் பத்தி ஒண்ணு. நிறைய பேரு அது காரோட ஸ்பிரிங்கால, எடையாலன்னு நினைக்கறாங்க. 2007ல பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல ஒரு ஆராய்ச்சி வந்தது, வட்டமான மணல் தடத்துல சக்கரத்தை உருட்டிப் பாத்தாங்க. ஸ்பிரிங்கே இல்லாத சக்கரம் உருண்டாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல போனா வரி தானா விழுது, அந்த வேகத்துக்குக் கீழ போனா விழவே இல்ல. 2009ல அதே குழு சக்கரத்தை எடுத்துட்டு சாய்வான தட்டையை இழுத்தாங்க, அப்பவும் வரி!

சாய்வான தட்டைன்னா என்ன? நம்ம பிளேடுதான். அதனால எந்த அட்டாச்மென்ட் வாங்கினாலும் வேகமா இழுத்தா நீங்களே வரி போட்டுட்டு வருவீங்க. நடக்கற வேகம், மணிக்கு 3, 4 கிமீ. அதுக்கு மேல வேண்டாம்.

வரப்பு_வண்டி:
இத்தனை வருஷமா எதுக்கு வரி விழுதுன்னு தெரியாம டிராக்டரைத் திட்டிட்டு இருந்தேன். நான் ரெண்டாவது கியர்ல போறவன்.

குழிக்காவலன்:
சரி, பாக்ஸ் பிளேடுன்னு முடிவு பண்ணிட்டேன். எவ்வளவு அகலம்? 6 அடி வாங்கினா வேலை சீக்கிரம் முடியாதா?

டாப்லிங்க்_திருகி:
முடியாது, டிராக்டர் முக்கும். பின் டயர் வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு அளந்து பாருங்க, அதை மூடற அகலம் போதும். மூடாம விட்டாலும் தப்பு, டயர் தடம் பக்கத்துல தெரிஞ்சுட்டே இருக்கும். 30 ஹெச்பிக்கு 5 அடி சரி. 5 அடின்னா ஒண்ணரை மீட்டர், உங்க பாதை 3 மீட்டர், அடிச்சது யோகம், போக ஒண்ணு வர ஒண்ணுன்னு ரெண்டே ஓட்டுல முழு அகலமும் முடிஞ்சிடும்.

எடையைப் பாருங்க. ஒரே 5 அடியில லேசானதும் இருக்கும் கனமானதும் இருக்கும், கனமானதை எடுங்க, இறுகின தரையில பல்லு இறங்கறது எடையாலதான். உங்க லிஃப்ட் தூக்குமான்னு மட்டும் பாத்துக்கோங்க. வெட்டுப் பட்டை போல்ட் போட்டு மாத்தற மாதிரி இருக்கணும், வெல்ட் பண்ணி வச்சிருந்தா தேய்ஞ்சதும் தலைவலி. பல்லு உசரத்தை மாத்த ஓட்டை இருக்கணும். ஹிட்ச்ல மாட்டற ஆணி கீழ 22 மிமீ, மேல 19 மிமீ இருக்கும் கேட்டகிரி 1க்கு, அது ஒத்துப்போகுதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க.

குழிக்காவலன்:
பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட 5 அடி பாக்ஸ் பிளேடு இருக்கு, இந்த வாரக் கடைசியில தரேன்னாரு. ஓட்டிப் பாத்துட்டு வாங்கறேன். எப்படி ஓட்டணும்னு கொஞ்சம் சொல்லிடுங்க, நான் கலப்பை தவிர ஒண்ணும் இழுத்ததில்ல.

டாப்லிங்க்_திருகி:
நல்ல யோசனை. சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல பல்லை இறக்கி ஆணி போடுங்க, டாப் லிங்க்கை (ஹிட்ச்சோட மேல் கை, திருகினா நீளம் மாறும்) சுருக்குங்க. சுருக்கினா பெட்டி முன்னாடி கவிழும், பல்லும் முன் பட்டையும் கடிக்கும். முதல் ஓட்டுலயே 12 செமீக்குப் போகாதீங்க, பாதி ஆழம், அடுத்த ஓட்டுல மீதி. பின் டயர் சுத்திட்டு நின்னா ஆழம் ஜாஸ்தின்னு அர்த்தம், கொஞ்சம் தூக்குங்க. எல்லா இடத்துலயும் சட்டி உடைஞ்சு கட்டி கட்டியா வந்ததும் பல்லை மேல தூக்கி ஆணி போட்டுடுங்க. இப்ப டாப் லிங்க்கை ரெண்டு சுத்து நீட்டுங்க, பெட்டி சமமாகும், முன் பட்டை மேட்டைச் சீவி பெட்டிக்குள்ள சுமந்துட்டுப் போயி பள்ளத்துல கொட்டும். கடைசியில இன்னும் ரெண்டு சுத்து நீட்டினா பின் பட்டை மட்டும் தரையைத் தடவும், அது இஸ்திரி போடற ஓட்டு.

தண்ணி ஓரத்துக்கு வழிய நடு உசரமா இருக்கணும், அந்த நடு மேட்டுக்கு ஒரு சூட்சுமம். வலது லிஃப்ட் கையில ஒரு திருகு இருக்கும், அதை நீட்டினா பெட்டியோட வலது பக்கம் தாழும். போகும்போதும் பாதையோட வலது பாதியில போங்க, திரும்பி வரும்போதும் உங்க வலது பாதியிலயே வாங்க. ரெண்டு தடவையும் வலது பக்கம்தான் ஓரம், அதனால திருகை மாத்தாமலே ரெண்டு பக்கமும் ஓரம் தாழ்ந்து நடு எழும்பிடும். மேடு எழும்ப எழும்ப டிராக்டரே சாய்ஞ்சு நிக்க ஆரம்பிக்கும், அப்ப திருகைக் கொஞ்சம் கொஞ்சமா பழைய நிலைக்குக் கொண்டு வாங்க, இல்லேன்னா கூரை மாதிரி ஆயிடும்.

ஜல்லிக்காரி:
எவ்வளவு மேடுன்னு நான் சொல்றேன். ஜல்லி பாதைக்கு 4 சதவீதம் சாய்வு வேணும், தார் ரோட்டைவிட ஜாஸ்தி. உங்களுக்கு நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒண்ணரை மீட்டர், அப்ப நடு 6 செமீ உசரம். ஆமை முதுகு மாதிரி வரணும். அதே நூலைக் கட்டி அளங்க.

இன்னொண்ணு, காய்ஞ்ச தரையில ஆரம்பிக்காதீங்க. தூள் புழுதியா பறந்துடும், மறுபடி வெறும் கல்லுதான் மிஞ்சும். மழை பெஞ்ச ரெண்டாம் நாள் நல்லது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலிடுக்குல தண்ணி கசியக் கூடாது.

நனைஞ்சவன்:
பல்லை இறக்கறதுக்கு முன்னாடி பாதைக்கு அடியில என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. நான் தெரிஞ்சுக்கல. ரெண்டாவது ஓட்டுலயே வீட்டுக்குப் போற தண்ணி பைப்பைப் பல்லு தூக்கிட்டு வந்துடுச்சு, ஜல்லிக்கு நடுவுல ஊத்து கிளம்பினப்ப ஏதோ நிலத்தடி நீர்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அது கரண்ட் கேபிளா இருந்திருந்தா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

குழிக்காவலன்:
ஐயோ, எங்களுக்கும் வளைவு கிட்ட பைப் குறுக்கால போகுது! நல்ல வேளை சொன்னீங்க. கொடி நட்டு வச்சிடறேன். புது ஜல்லி எவ்வளவு ஆர்டர் பண்ண?

ஜல்லிக்காரி:
இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க. முதல்ல கிளறி ஓரத்துல கிடக்கறதை இழுத்துப் பாருங்க, உங்க பாதையிலயே பாதி ஜல்லி ஒளிஞ்சிருக்கும். அப்புறமும் வேணும்னா 5 செமீ போடுங்க. 120 பெருக்கல் 3 பெருக்கல் 0.05, அதாவது 18 கன மீட்டர். கன மீட்டருக்கு சுமாரா 1.6 டன் வச்சா 29 டன் பக்கம் வரும். தூள் கலந்த உடைச்ச கல்லுன்னு கேட்டு வாங்குங்க. கழுவின கல்லு பாக்க பளபளன்னு இருக்கும், இறுகவே இறுகாது.

குழிக்காவலன்:
(பத்து நாள் கழிச்சு) வந்துட்டேன்.

சனிக்கிழமை முழுக்க ஓட்டினேன். முதல் ரெண்டு மணி நேரம் கண்ணுல தண்ணி வராத குறை, பாதை உழுத வயல் மாதிரி ஆயிடுச்சு, வீட்டுல எல்லாரும் வாசல்ல நின்னு என்னையே பாக்கறாங்க. பெரிய குழி இருந்த இடத்துல பல்லு இறங்கினப்ப ஓடு உடையற மாதிரி ஒரு சத்தம், கை அகலத்துக்கு பாளம் பாளமா பேந்துட்டு வந்துச்சு, ஒரு பாளத்தைத் திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் நான் மூணு வருஷமா கொட்டின கல்லு வரிசையா பதிஞ்சு கிடக்கு.

அப்புறம் பல்லைத் தூக்கிட்டு டாப் லிங்க் நீட்டினதும் நிலைமை மாற ஆரம்பிச்சது. வலது பக்கமே ஓட்டற சூட்சுமம் தங்கம். நூல் கட்டி அளந்தேன், நடு 5 செமீ, சில இடத்துல 6. அக்கா சொன்ன மாதிரி ஓரத்துல இருந்தே அவ்வளவு ஜல்லி வந்துச்சு, புதுசா ஒரு கூடை கூட வாங்கல. ரோலர் இல்ல, டிராக்டர் டயரையே ஒவ்வொரு தடமா நகர்த்தி நகர்த்தி அமுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. குடை பிடிச்சுட்டுப் போயி நின்னு பாத்தேன், சமதரையில தண்ணி ரெண்டு பக்கமும் பிரிஞ்சு புல்லுக்குள்ள இறங்குது. குழி ஒண்ணு கூட இல்ல. ஆனா ரெண்டு குறை. ஏத்தத்துல இன்னும் பாதை நீளத்துக்கு அரிக்குது. வளைவுல பைப்புக்கு பயந்து சரியா கிளறல, அங்க ஒரு இடத்துல தண்ணி தேங்குது.

ஜல்லிக்காரி:
ஏத்தத்துக்கு ஆமை முதுகு மட்டும் போதாது. தண்ணி பக்கவாட்டுல போறதுக்குள்ள கீழ ஓடிடும். நடுவுல ரெண்டு மூணு இடத்துல பாதைக்குக் குறுக்கால, நேரா இல்லாம சாய்வா, அகலமான தாழ்வான மேடு ஒண்ணு போடுங்க, வண்டி ஏறி இறங்கற அளவுக்கு. பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை மரத்துல அடிச்சு நிமிர்த்திப் புதைக்கறவங்களும் உண்டு, வண்டி போனா மடங்கும், தண்ணி வந்தா திருப்பி விடும். அங்க மட்டும் அடுத்த தடவை பெட்டியைத் தூக்கிட்டுத் தாண்டுங்க, மறந்தா ரப்பர் பிளேடோட வந்துடும்.

வரப்பு_வண்டி:
வளைவுல நடு மேடு வைக்காதீங்க தம்பி. அங்க பாதை முழுக்க ஒரே பக்கமா, வளைவோட உள்பக்கமா சாயணும். நடு மேட்டுல இருந்து ஒரு பக்கச் சாய்வுக்கு திடீர்னு மாத்தாம அஞ்சாறு மீட்டர்ல மெதுவா கொண்டு போங்க. பைப் இருக்கற இடத்துல கடப்பாரையும் மண்வெட்டியும்தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல. உள்பக்கம் தண்ணி இறங்க புல்லுக் கரையை ஒரு அடி வெட்டி விடுங்க.

குழிக்காவலன்:
அதான் அண்ணே, உள்பக்கக் கரையை நான் வெட்டவே இல்ல, அதான் தேங்குது. இன்னைக்கே மண்வெட்டி எடுக்கறேன்.

தோட்டத்துக்காரர்கிட்ட பாக்ஸ் பிளேடைத் திருப்பிக் குடுக்கும்போது விலைக்குத் தரீங்களான்னு கேட்டேன், தர மாட்டேன்னுட்டாரு. ஆனா அவரோட பாதைக்கும் ஒரு நாள் ஓட்டிக் குடுக்கணுமாம். 400 மீட்டர்.

டாப்லிங்க்_திருகி:
400 மீட்டரா, மாட்டினீங்க. அங்கயும் முதல்ல பைப் எங்க போகுதுன்னு கேட்டுக்கோங்க.